வலை நிறுத்தாத ஊர்

எங்கள் ஊரில் சாவு விழுந்தால் அன்று யாரும் ஏரியில் வலை போட மாட்டார்கள். பிணம் எடுக்கும் வரை படகெல்லாம் கரையில்தான் கிடக்கும். பழவேற்காட்டுப் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதல்ல. ஆனால் எங்கள் ஊரில் இதற்கு ஒரு வால் உண்டு. செத்தவர் தலைக்கட்டில் உள்ள வீட்டைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண் இருக்கிற குடும்பம். அந்தக் குடும்பத்துக்குத்தான் ஏரியில் பாடு உண்டு, அதாவது இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை கட்டும் முறை. சீட்டுப் போட்டு எடுப்பார்கள்.

என் நைனா செத்ததும் எங்கள் வீட்டைத் தலைக்கட்டிலிருந்து நீக்கினார்கள். நீக்கச் சொன்னவர் என் சித்தப்பா, நைனாவின் கூடப்பிறந்த தம்பி. காரியம் முடிந்த வாரமே ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, "ஆம்பள இல்லாத ஊட்டுக்கு பாடு இன்னாத்துக்கு? மூணும் பொட்டப் புள்ளைங்க. எவன் போய் வலை கட்டுவான்?" என்று கேட்டார். கூட்டத்துக்குள் பெண்கள் போகக் கூடாது. அம்மா என் தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயில் மதிலுக்கு வெளியே நின்று இதைக் கேட்டாள். எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. எங்கள் முறை நாளில் அதற்கப்புறம் வலை கட்டியது யார் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அதையாவது அம்மா மென்று விழுங்கியிருப்பாள். அடுத்த மழைக்காலத்தில் தங்கை காய்ச்சலில் செத்துப்போனாள். நாலு வயசு. விடிந்ததும் அம்மா அவளைக் குளிப்பாட்டி வாசலில் கிடத்தினாள். படகுத் துறைக்கு எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒவ்வொருவராக வலையும் கோலுமாகத் தாண்டிப் போனார்கள். தலையைக் குனிந்துகொண்டு போனவர்களும் உண்டு. குனிந்தால் என்ன, போனார்கள் அல்லவா? சித்தப்பா குனியவில்லை. "முறைன்னா முறைதான், அண்ணி. இன்னிக்கு என் சீட்டு" என்று நின்று சொல்லிவிட்டே போனார். குழந்தையைத் தூக்க தோணிரேவிலிருந்து என் மாமா வர வேண்டியிருந்தது.

அம்மா மூன்று நாள் அழுதாள். நாலாம் நாள் முகத்தைக் கழுவிக்கொண்டு அக்காவையும் என்னையும் எதிரில் உட்காரவைத்தாள். "நான் சாவுற அன்னிக்கு இந்த ஊர்ல ஒருத்தன் வலை போடக் கூடாது. போட்டான்னா, அதுல ஒரு எறா கூட அவனுக்கு ஆவக் கூடாது. அதுக்கு இன்னா பண்ணணுமோ பண்ணிட்டுத்தான் நான் போவேன்" என்றாள். சாபம் விடுகிறாள் என்று அக்கா பயந்துவிட்டாள். அம்மாவுக்குச் சாபத்தில் நம்பிக்கை கிடையாது. அவள் செய்யப்போகிற வேலையைச் சொன்னாள், அவ்வளவுதான்.

ஒரு கூடையோடு ஆரம்பித்தாள். கரையில் இறால் எடுத்து, பொன்னேரி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவாள். கூடையில் தண்ணீர் சொட்டுகிறது என்று கண்டக்டர் கத்துவார். அம்மா காது கேட்காதவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள். பிறகு ஐஸ் பெட்டி வந்தது, அப்புறம் வாடகை வண்டி. தன்னைப் போலப் புருஷன் போனவர்கள், புருஷன் இருந்தும் இல்லாதவர்கள் என்று ஒவ்வொருத்தியாகச் சேர்த்துக்கொண்டாள். காட்டுப்பள்ளிப் பக்கம் கப்பல் துறை வந்து ஆண்களில் சிலர் சம்பள வேலைக்குப் போன பிறகு, அவர்கள் பெண்டாட்டிகளும் வந்து சேர்ந்தார்கள். அதோடு நிலைமை மாறிவிட்டது. பிடிப்பது ஆண்கள், தராசைத் தொடுவதும் ஐஸ் போடுவதும் வண்டியைக் கூப்பிடுவதும் அம்மாவின் ஆட்கள். ஏரி அவர்களுடையது, கரை இவளுடையது.

எல்லார் இறாலையும் எடுப்பாள், சித்தப்பாவுடையதைத் தவிர. அவர் மகன் கூடையோடு எதிரில் வந்து நிற்பான். அம்மா வானத்தைப் பார்த்துக்கொண்டு, "ஐஸ் தீந்துச்சுன்னு சொல்லுங்கடி" என்பாள். பக்கத்திலேயே ஐஸ் மலை மாதிரி குவிந்திருக்கும். அந்த மகனின் கல்யாணத்துக்குச் சித்தப்பா பத்திரிகை கொண்டுவந்து வைத்தார். அம்மா அதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த தராசுப் பலகைக்கு அடியில் முட்டுக்கொடுத்தாள். ரொம்ப நாள் அது அங்கேயே இருந்தது.

அவள் நல்லவள் என்று நான் சொல்ல மாட்டேன். வாய் துடுக்கு, பிடிவாதம், யாருக்கும் அடங்காத குணம். பொன்னேரியில் என்னோடு வந்து இருக்கச் சொன்னேன். இரண்டு நாள் இருந்துவிட்டு, "உன் ஊட்ல காத்தே இல்ல" என்று கிளம்பிவிட்டாள். கண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு வாரத்தில் கரையில் நின்றாள். எண்பது தாண்டியும் தன் சோற்றைத் தானே பொங்கித் தின்றாள். மறந்துவிடு, மன்னித்துவிடு என்று புத்தி சொல்ல வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்து அனுப்பினாள். கடைசி வருஷத்தில் தன் ஆட்களை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நான் போற அன்னிக்கு யாரும் தராசைத் தொடாதீங்கம்மா."

போன கார்த்திகையில், மழை விட்ட ஒரு விடியலில் போனாள். முகத்துவாரம் திறந்து ஏரியில் இறால் கொழித்துக்கொண்டிருந்த நேரம். ஊர்ப் பெரியவர்கள் கோயிலில் கூடினார்கள். சித்தப்பாதான் இப்போது எல்லாருக்கும் மூத்தவர். "இந்த ஒரு தடவ நிறுத்திப்புடலாமே" என்று ஓரிருவர் சொன்னார்களாம். அவர் விடவில்லை. தலைக்கட்டு இல்லாத வீட்டுக்கு வலை நிறுத்தினால் நாளைக்கு ஆளாளுக்குக் கேட்பார்கள் என்றாராம்.

அக்கா அம்மாவின் கால்மாட்டில் விழுந்து அழுதுகொண்டிருந்தாள். நான் தலைமாட்டில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், நிறுத்திவிடப் போகிறார்களே என்றுதான் எனக்குப் பயம். ஒரு நாள் மரியாதையைக் கொடுத்து மொத்தக் கடனையும் கழித்துவிடுவார்களே என்று வயிறு எரிந்தது. முதல் ஆள் வலையோடு வாசலைத் தாண்டியபோது எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. போங்கடா, எல்லாரும் போங்க என்று மனசுக்குள் சொன்னேன்.

பத்து மணிக்குப் படகுகள் திரும்பின. அந்தப் பருவத்திலேயே அப்படி ஒரு இறால் விழவில்லை என்று பிற்பாடு சொன்னார்கள். கரையில் ஒரு பெண்கூட இல்லை. தராசு பூட்டிக் கிடந்தது. ஐஸ் வண்டியை வர வேண்டாம் என்று அம்மாவின் ஆட்கள் விடியும்போதே சொல்லிவிட்டார்கள். படகுக்காரர்கள் வெளியூர் வியாபாரிக்குப் போன் போட்டதற்கு, "இன்னிக்கு வந்து நான் எடுத்தேன்னா நாளைலேந்து அந்தப் பொம்பளைங்க எனக்கு எறா தருவாங்களா?" என்று வைத்துவிட்டாராம். மழை விட்ட வெயில் சுள்ளென்று ஏறிக்கொண்டிருந்தது.

முப்பது பெண்கள் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். புருஷன்மார்கள் வாசலில் வந்து கத்தினார்கள். ஒருத்தி உட்கார்ந்த இடத்திலிருந்தே, "எங்க சாவு உனக்குச் சாவு இல்லன்னா உன் எறா எனக்கு எறா இல்ல. எட்டப் போய்யா" என்றாள்.

பிறகு சித்தப்பாவே வந்தார். துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். "பொம்பளைங்கள அரை மணி நேரம் அனுப்பும்மா. அண்ணி எங்க போய்டப் போறாங்க?" என்றார்.

"ஆமா சித்தப்பா, அம்மாவுக்கு அவசரம் இல்ல. எறாவுக்குத்தான் அவசரம். நீங்க போய் அத்தப் பாருங்க."

போனவர் பெரியவர்களோடு திரும்பி வந்தார். எங்கள் வாசலிலேயே நின்று கூட்டம் போட்டார்கள். எங்கள் வீட்டைத் தலைக்கட்டில் சேர்த்தாயிற்று, இனி இந்த வீட்டுச் சாவுக்கும் வலை நிற்கும் என்று சித்தப்பா வாயாலேயே சொல்லவைத்தார்கள். ஐம்பது வருஷம் கழித்து, பிடித்த இறாலைக் கரையில் போட்டுவிட்டு வந்து சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெண்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தலையசைத்திருந்தால் எழுந்து போயிருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் கும்பலில் நின்றார். முந்தின வாரம் அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான். எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யாத மனுஷன். மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். அவருடைய இறாலும் அங்கேதான் கிடந்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் குனிந்து அம்மாவின் சேலையைச் சரிசெய்தேன்.

நாலு மணிக்குத்தான் அம்மாவை எடுக்கச் சொன்னேன். தெருமுனை வரைக்கும் பெண்கள் போகலாம். அங்கிருந்து பார்த்தால் கரை தெரியும். நண்டு, நாய், காக்கா எல்லாம் கூடைகளைச் சுற்றியிருந்தன. காற்று இந்தப் பக்கமாக அடித்தது. தூக்கியவர்கள் துண்டாலும், நின்ற பெண்கள் முந்தானையாலும் மூக்கை மூடிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பாடையின் முன்பக்கத்தைத் தோளில் வைத்திருந்தார். அவருக்குக் கை ஒழியவில்லை. நான் மூக்கை மூடாமல் நின்று, இழுத்து மூச்சுவிட்டேன்.