நாலரைக் கட்டை

டப்பா டீச்சருக்கு நான் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் கடன்பட்டிருந்தேன். யாரிடமும் கைநீட்டாமல் மூன்று மாடியில் இசைக்கருவிக் கடை எழுப்பியவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்பு. வகுப்புக்கு ஒரு மாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்டவனுக்கும் ஒரு கடன் விழுந்தது. அதைச் சொல்லாமல் அந்த அம்மாளின் கதையைச் சொல்ல முடியாது.

அவர் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். தொண்டையில் அறுவை செய்தபின் குரல் மேலே ஏறாது. பாடிக் காட்ட முடியாததால் ஹார்மோனியத்தை வாசித்துக் காட்டி, சாப்பாட்டு டப்பாவின் மூடியில் பென்சிலால் தாளம் தட்டியே பிள்ளைகளைப் பாட வைத்தார். பெயர் அப்படி வந்ததுதான். நிரந்தர வேலை இல்லை, மணிக்கணக்குச் சம்பளம். வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா. அந்த வருடம் நிர்வாகி கறாராகச் சொல்லிவிட்டார்: ஆண்டு விழாக் கச்சேரி நன்றாக அமைந்தால் பாட்டு வகுப்பு இருக்கும், இல்லாவிட்டால் அந்த அறை கம்ப்யூட்டருக்குப் போகும்.

மொத்தம் நாற்பது பிள்ளைகள். அதில் பன்னிரண்டு பேருக்குப் புல்லாங்குழல். பழைய குழல்கள் வெடித்து, நூல் சுற்றிக் கிடந்தன. பள்ளி பணம் தராது என்றதும் டீச்சர் தன் கைப்பணம் நாலாயிரத்து ஐந்நூறை என் கடைக்குக் கொண்டுவந்து, முழுசாக முன்பணமாக வைத்தார். கூடவே ஒரு சீட்டு.

"சுருதி இதுல எழுதியிருக்கேன் அண்ணே. ஒரு தடவை படிச்சுப் பாத்துக்குங்க."

"படிக்கிறதா? என் கை பட்டா மூங்கில் தானா பேசும் டீச்சரம்மா."

சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். சீட்டில் நான்கு என்ற எண் இருந்தது. பக்கத்தில் பொடியாக ஏதோ கிறுக்கல். பேனா உதறியது என்று நினைத்தேன். அரை அங்குலத்தைக் கண்ணாலேயே அளப்பேன், ஆனால் அரையை எண்ணில் எப்படி எழுதுவார்கள் என்று எனக்கு யாரும் காட்டியதில்லை. பன்னிரண்டையும் நாலு கட்டையில் துளைத்தேன். பளபளவென்று மெருகேற்றி, விழா அன்று காலைதான் அனுப்பினேன்.

பதினொரு மணிக்கு மூச்சிரைக்க வந்து நின்றார்.

"அண்ணே, எல்லாமே அரைக் கட்டை கீழ நிக்குது. நான் கேட்டது நாலரை."

கடையில் ஆட்கள் இருந்தார்கள். "நாப்பது வருஷத் தொழில். என் குழல் தப்பாது. உங்க பெட்டிதான் ஏறியிருக்கும்."

"ஹார்மோனியம் ஏறுறதுக்கு அது என்ன விலைவாசியா? அஞ்சு மணிக்குப் பசங்க மேடை ஏறணும் அண்ணே. பெட்டி வாசிக்கிற பிள்ளைக்கு நாலரைலதான் விரல் பழகியிருக்கு, இனி மாத்த முடியாது. நாலரைல வேற ஏதாவது இருக்கா? பழசு, கீறல் விட்டது, எதுவா இருந்தாலும் சரி."

மேல்தட்டில் ஏழு இருந்தன. எடுத்துக் கொடுத்தால் தப்பு என்னுடையது என்று ஆகிவிடும்.

"இல்லை," என்றேன்.

மேசை விளிம்பைப் பிடித்திருந்த கையை அவர் எடுத்தார். வந்த வேகத்திலேயே திரும்பிப் போய்விட்டார்.

மாலையில் நானும் போனேன். முதல் வரிசையில், மேடை ஓரமாக இடம். திரைக்குப் பின்னால் அவர் பிள்ளைகளிடம் சொன்னது காதில் விழுந்தது.

"உதட்டுல வச்சுக்குங்க. விரலை ஆட்டுங்க. ஊத மட்டும் கூடாது."

"அப்ப நாங்க எதுக்கு டீச்சர்?" என்றது ஒரு பெண் பிள்ளை. டப்பா மூடியில் பென்சில் தட்டத் தொடங்கியது.

இரண்டு பாட்டு எப்படியோ கடந்தது. மூன்றாவதில் டிரம் வேகமெடுத்ததும் அந்தப் பெண் தன்னை மறந்து ஊதிவிட்டாள். ஊதச் சொல்லிவிட்டார்கள் போல என்று நினைத்து மற்றவர்களும் ஊதினார்கள். ஹார்மோனியம் நாலரை, குழல்கள் நாலு. சோற்றில் கல் கடிபட்ட மாதிரி இருந்தது. பின்வரிசையில் தொடங்கிய சிரிப்பு முன்னால் வந்தது. ஹார்மோனியப் பிள்ளை கையை எடுத்துவிட்டாள், பாட்டு நின்றது. டப்பா மூடி மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது, நிர்வாகி எழுந்து போன பிறகும்.

திங்கட்கிழமை அறைக்குப் பூட்டு விழுந்தது, டீச்சர் வேலையும் போயிற்று.

வீட்டில் சீட்டை மனைவியிடம் காட்டினேன். "ஒண்ணுக்குக் கீழ ரெண்டு போட்டா அரைங்க," என்றாள். "மூணு மாடி கட்டினீங்க, மூணாவது மனுசன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே."

அதற்கப்புறமும் இரண்டு மாதம் நான் அவரைப் பார்க்கப் போகவில்லை. குழலைச் செய்தவன் நான், தலைகுனிந்து பழக்கமில்லை. ஒருநாள் அந்தப் பள்ளி வழியே போனேன். அந்த அறையில் சத்தமே இல்லை. நேரே டீச்சர் இருக்கும் இடத்தை விசாரித்துக்கொண்டு போனேன்.

சலவைக் கடையில் சட்டைகளுக்கு அடையாள எண் எழுதிய துணித் துண்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தார். முகம் ஒட்டிப்போயிருந்தது.

"நாலரைக் குழல் இருந்துச்சு டீச்சரம்மா," என்றேன். "மேல்தட்டுல. ஏழு."

அவர் கை முடிச்சிலேயே நின்றது. "ஏழு போதும் அண்ணே," என்றார். "மிச்ச அஞ்சு பேரைப் பாட்டுப் பக்கம் மாத்தியிருப்பேன்."

பணத்தை எடுத்தேன். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு நீட்டினார். ஐந்நூறு ரூபாய்த் தாள்களாக ஒவ்வொன்றாய் எண்ணி வைத்தேன். எட்டாவதை வைத்ததும் நாலாயிரம். விரல் அங்கேயே நின்றது.

"நாலு," என்றேன்.

நீட்டிய கையை அவர் மூடவில்லை.

"அரை?" என்றார்.

ஒன்பதாவது தாளை வைத்தேன்.