முன்குழாயில் மாட்டிய வால்வு

விரலிடுக்கில் பிரேக் ஆயில் வாடை போகவேயில்லை. சிவகாசியை விட்டு ஆலங்குளம் சாலையில் நாலைந்து கிலோமீட்டர் நடந்து, வழியில் ஒரு பம்புசெட்டில் மண் தேய்த்துக் கழுவியும் அது அப்படியே இருந்தது. ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன், இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு வருஷம் இருந்த ஒர்க்‌ஷாப்பையும் அன்றைக்குத்தான் விட்டிருந்தேன்.

பட்டாசுக் கம்பெனி முதலாளி ஒருவர், நாங்கள் 'அண்ணாச்சி' என்போம், பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தார்; பிரேக் வேலைக்காக எங்களிடம் விட்டிருந்தார். இரண்டே இருக்கை; முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம். டிரம்முக்குள் இருக்கும் ஸ்பிரிங், மிதியை விட்டதும் பிரேக் கட்டைகளை வெகுவாகப் பின்னுக்கு இழுத்துவிடும் என்பதால், பின்குழாயில் கொஞ்சம் ஆயில் அழுத்தத்தைப் பிடித்து வைக்கக் கட்டைவிரல் அளவில் ஒரு வால்வு உண்டு. டிஸ்க்கில் அந்த ஸ்பிரிங் கிடையாது. மிச்ச அழுத்தம் இருந்தால் கட்டை, சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை உரசிக்கொண்டே இருக்கும். இரண்டு குழாயும் ஒன்றுபோல் இருக்க, நான் அந்த வால்வை முன்குழாயில் மாட்டிவிட்டேன்.

ஓட்டிப் பார்க்க என்னையும் ஏற்றிக்கொண்டு அண்ணாச்சி நேரே கம்பெனிக்கு விட்டார். கேட்டில் காவலுக்கு இருந்த மாரியக்கா கையை நீட்டி மறித்தார். முன்சக்கரத்தில் புகை.

"மொதலாளி, கோவிச்சுக்கிடாதீக. நாங்க செருப்பக்கூடக் கழட்டிட்டு உள்ள போறோம், நீங்க கொள்ளிக்கட்டையக் கட்டிக்கிட்டு வாரீக."

உள்ளே மருந்து அறையில் என் அம்மா வெடிக்குழாய்களில் மருந்து அடைத்துக்கொண்டிருந்தாள்.

மூவருமாக வண்டியைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தோம், நகர மறுத்தது. சக்கரத்தடிப் புல்லில் மாரியக்கா வாளி மணலைக் கொட்டினார். தட்டு ஆறிய பிறகு, பிரேக் குழாயில் காற்றுப் போக்கும் திருகாணியை ஒரு சுற்றுத் தளர்த்தினேன். அரைக் கரண்டி ஆயில் வந்தது. சக்கரம் விரல் பட்டதும் சுழன்றது.

"அந்த வால்வ எங்கனலே மாட்டுனே?" என்றார் அண்ணாச்சி.

"முன்னால, அண்ணாச்சி."

அவர் திட்டவில்லை. மதியம் வெள்ளி மருந்து படிந்த கையோடு வெளியே வந்த அம்மாவும் திட்டவில்லை. "சாப்புட்டியாலே?" என்று மட்டும் கேட்டாள். அதைத்தான் தாங்க முடியவில்லை; கிளம்பி நடந்துவிட்டேன்.

அந்தக் கார் எங்கெங்கோ கைமாறிப் போயிற்று. கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கருவேலம்தான் நிற்கிறது.

அப்படி நடந்து போன மறுநாள் காலை ஆலங்குளத்தில் சிமெண்டு லாரியில் கிளீனராகச் சேர்ந்தேன். முதல் நிறுத்தத்தில் டிரைவர் டீ குடிக்கக் கூப்பிட்டார். நான் புறங்கையை வைத்து ஒவ்வொரு சக்கரமாகச் சூடு பார்த்துவிட்டுத்தான் போனேன்.