இன்ஜினியர் வந்தால் மட்டும் ஓடிய கம்ப்யூட்டர்

1. டிரங்கால்

"மிஸ்டர், உங்க புது டாஸ் எங்க ஊர் கிளைமேட்டுக்கு ஒத்துக்கல. டெய்லி காலைல பொட்டுனு நின்னுடுது."

கொடைக்கானலிலிருந்து டிரங்காலில் பேசியவர் ஓர் எஸ்டேட் கம்பெனியின் மேனேஜர் சாமுவேல். அட்டுவம்பட்டிப் பக்கம் அவர்களுடைய அலுவலகம். எண்பதுகளின் நடுவில் மதுரையில் நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் இன்ஜினியர். மதுரை முதல் மலை உச்சி வரை எங்கள் கம்பெனிக்கு இருந்த ஒரே இன்ஜினியரும் நான்தான் என்பதால் பந்தா கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

பதினைந்து நாளுக்கு முன்னால்தான் அங்கே போய், கம்ப்யூட்டரை ஓட்டும் டாஸ் என்ற சாஃப்ட்வேரில் பழையதை எடுத்துவிட்டுப் புது வெர்ஷன் போட்டுவிட்டு வந்திருந்தேன். கூடவே ஒரு ஹார்ட் டிஸ்க். அதுவரை ஃபிளாப்பியை மாற்றி மாற்றிப் போட்டுத்தான் தொழிலாளர் வருகைப் பட்டியல் எடுப்பார்கள். இப்போது மெஷினைப் போட்டாலே அன்றைய பட்டியல் திரையில் வந்து நிற்கும்படி செய்து கொடுத்தேன். சாமுவேல் சார் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார்.

ஹார்ட் டிஸ்க்கில் ஒரு சங்கடம் உண்டு. அணைப்பதற்கு முன் 'பார்க்' என்று கமாண்ட் கொடுத்து, டிஸ்க்கைப் படிக்கும் ஊசி மாதிரியான ஹெட்டை ஓர் ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் ஸ்விட்சைத் தொட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் டிஸ்க் கீறிப்போகலாம். இன்றைய லேப்டாப்பை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு நடக்கும் தம்பி தங்கைகளுக்கு இது புரிய நியாயமில்லை.

2. இரண்டு படையெடுப்புகள்

முதல் தடவை போனேன். இரண்டு நாள் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். நிற்கவே இல்லை. டாஸை மறுபடி போட்டேன், கான்ஃபிக் ஃபைலைப் பார்த்தேன், ஸ்டெபிலைசரைத் தட்டிப் பார்த்தேன். மெஷின் என்னைவிட ஆரோக்கியமாக இருந்தது. மதுரைக்குத் திரும்பிய மறுநாளே டிரங்கால் வந்தது.

இரண்டாம் தடவை, மெஷினுக்குள் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் புது எஸ்.எம்.பி.எஸ்., புது ஸ்டெபிலைசர் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். இரண்டையும் மாற்றினேன். எர்த் சரியில்லையோ என்று அட்டெண்டர் முத்துக்காளையைக் கூப்பிட்டு எர்த் குழியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னேன்.

"வருசம் பூரா மழை பெய்யிற ஊருல குழிக்கு நான் தண்ணி ஊத்தணுமாக்கும்" என்றார் அவர். ஆனாலும் ஊற்றினார்.

மூன்று நாள் இருந்தேன். மெஷின் ஒரு கொட்டாவி கூட விடவில்லை. இரண்டு தடவையும் ராத்திரி மாடியில் இருந்த எஸ்டேட் கெஸ்ட் ரூமில்தான் படுக்கை. அங்கே ஒரு ரூம் ஹீட்டர் செக்கச்செவேல் என்று எரியும். மலையில் எனக்கு நடந்த ராஜ உபசாரத்தை மதுரையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இந்த ஐந்து நாளும் எனக்குப் பக்கத்திலேயே ஒருவர் நின்றிருந்தார். ஆபரேட்டர் புஷ்பராணி. இருபத்திரண்டு வயதிருக்கும். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே குடியேறிய குடும்பம்; அம்மாவும் அண்ணனும் அதே எஸ்டேட்டில் கூலிவேலை. டைப்பிங் படித்து, அந்த நாற்காலிக்கு வந்தவர். நான் ஸ்க்ரூ டிரைவர் கேட்டால் எடுத்துக் கொடுப்பார். வேறெதுவும் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் மேனேஜரிடமே கேட்டேன்.

"அந்தப் பொண்ணு பார்க் கொடுக்காமலே ஆஃப் பண்ணுதுன்னு எனக்கு டவுட்டு" என்றார் அவர்.

கண்டுபிடிக்க முடியாத இன்ஜினியர்கள் எழுதுவதற்கென்றே அந்தக் காலத்தில் ஒரு வரி இருந்தது. 'பழுது எதுவும் காணப்படவில்லை. ஆபரேட்டருக்குப் பயிற்சி தேவை.' இரண்டு தடவையும் சர்வீஸ் ரிப்போர்ட்டில் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதும்போது கை கூசவில்லை. எல்லோரும் எழுதுவதுதானே.

3. கடிதம்

அடுத்த வாரம் வந்தது கடிதம். 'தங்கள் ரிப்போர்ட்டின்படி, ஆபரேட்டர் திங்கட்கிழமை முதல் தோட்ட வேலைக்கு மாற்றப்படுகிறார். வேறு ஆள் ஏற்பாடு செய்யப்படும்.'

"நல்லதாப் போச்சு, கேஸ் முடிஞ்சுது" என்றார் எங்கள் முதலாளி.

எனக்கும் முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அந்தப் பெண் தப்பு செய்ததை நான் பார்க்கவே இல்லை. பார்க்காததை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வருகிறேன் என்று சொல்ல டிரங்கால் போட்டேன். மலையில் மழை, லைன் செத்துக் கிடந்தது. சனிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து, சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கினேன்.

4. சனிக்கிழமை

மேனேஜர் குடோனுக்குப் போயிருந்தார். கம்ப்யூட்டர் ரூமில் புஷ்பராணி திங்கட்கிழமைப் பட்டியலை அடித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். தோட்ட வேலைக்கான பெயர்களில் கடைசியாக அவர் பெயர். அவரையே அடிக்க வைத்திருந்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மேஜைக்குக் கீழே ஒரு ரூம் ஹீட்டர் கிடந்தது. எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது.

"இது எப்ப இங்க வந்துச்சு?"

முத்துக்காளை சொன்னார்: "முன்ன மேனேஜர் ரூமுல இருந்துச்சு, புது டாஸ் போட்டதுல இருந்து இங்கதானுங்க கெடக்கு. வெள்ளனே திரையில லிஸ்டு வருதுல்ல, அதப் பாக்க மேனேஜர் தெனமும் இங்க வந்து உக்காந்துக்கிறாரு. கால் வெறைக்குமுல்ல. நீங்க வர்றீகன்னு போன் வந்தா, மொத சோலியா இதத் தூக்கி கெஸ்ட் ரூமுல வச்சிருவேன். மதுரைக்காரவுக குளிரு தாங்க மாட்டீகள்ல. இன்னைக்குத் தகவலே இல்லையே."

எனக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது. இரண்டாயிரம் வாட் ஹீட்டர். மேனேஜர் ரூமில் இருந்தவரை அது வேறு லைன். இங்கே கம்ப்யூட்டர் லைனிலேயே போட்டால், ஏற்கெனவே நோஞ்சானாக வரும் வோல்டேஜ் இன்னும் சரியும். ஸ்டெபிலைசர் கட் ஆகும். பழுதைத் தேடி நான் ஐந்து நாள் கீழே உட்கார்ந்திருந்தேன். பழுது மாடியில் என் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

புஷ்பராணி டிராயரிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். ஒரு பத்தியில் ஹீட்டர் போட்ட நேரம், பக்கத்துப் பத்தியில் மெஷின் நின்ற நேரம். தேதிவாரியாக மூன்று பக்கம்.

"இத ஏம்மா மொதல்லயே காட்டல?"

"நீங்க கேக்கல்லியே சேர். தொரை குளிர் காயிறப்ப ஹீட்டர அணைங்கன்னு நான் எப்பிடி சொல்றது? திங்கக்கெழம நான் பெரட்டுக்குப் போகணும். மலையில வேல செய்ய எனக்கு வெக்கமில்ல சேர். மெஷினக் கெடுத்தவள்னு பேரோட போறதுதான் வெக்கம்."

பெரட்டு என்றால் காலையில் தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிப்பது. அன்றுதான் அந்தச் சொல்லைத் தெரிந்துகொண்டேன்.

மேனேஜர் வந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் ஹீட்டர் ஸ்விட்சைத் தட்டினார். பல்பு மங்கியது. ஸ்டெபிலைசர் டக்கென்றது. திரை இருண்டது.

"ஸீ, இப்பிடித்தான்" என்றார் என்னிடம். நான் ஹீட்டரைப் பார்த்தேன். புஷ்பராணி சுவரைப் பார்த்தார். முத்துக்காளை மெதுவாக வெளியே போனார். சாமுவேல் சார் எங்கள் எல்லோரையும் பார்த்துவிட்டுக் கடைசியாகக் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"ஸோ... நான்தானா?"

"நீங்க பாதி சார். மீதி நான்."

அவர் ஹீட்டரை அணைத்துவிட்டு, "லோ வோல்டேஜ்னு எழுதி க்ளோஸ் பண்ணிடுங்க மிஸ்டர்" என்றார்.

எழுதியிருக்கலாம். பொய்யும் இல்லை. ஆனால் பழைய வரி அந்த ஃபைலிலேயே கிடக்கும். ஃபைலைக் கேட்டு வாங்கினேன். இரண்டு ரிப்போர்ட்டிலும் 'பயிற்சி தேவை' என்பதை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். புது ரிப்போர்ட்டில், மேனேஜரின் ஹீட்டரால் மெஷின் நின்றது, ஆபரேட்டர் மேல் தவறில்லை, காரணத்தைக் கண்டுபிடித்தவரும் ஆபரேட்டரே என்று எழுதினேன்.

சாமுவேல் சார் இரண்டு முறை படித்தார். "'ஒரு ஹீட்டர்'னு போடுங்க. யாரோடதுன்னு வேண்டாம்" என்றார். அந்த அளவுக்கு விட்டுக்கொடுத்தேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, புஷ்பராணி பக்கம் திரும்பாமலே, "லிஸ்ட்ல கடைசிப் பேரை எடுத்திடும்மா" என்றார். ஹீட்டரைத் தானே தூக்கிக்கொண்டு தன் ரூமுக்குப் போனார்.

புஷ்பராணி மெஷினை மறுபடி போட்டு, தன் பெயரை அழித்து, பிரிண்ட் எடுத்தார். அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் அழுதார். நான் ஸ்டெபிலைசரைச் சோதிப்பதுபோல் பாவனை செய்தேன்.

அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷம் சர்வீஸில் இருந்தேன். அந்த வரியை நான் மறுபடி எழுதவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் மெஷினைத் திறக்கும் முன் அதில் தினமும் உட்காருகிறவரிடம்தான் முதலில் கேட்டேன். அதைக் கொடைக்கானலிலேயே தொடங்கினேன். அடுத்த முறை போனதும், "என்னென்ன குறைம்மா?" என்றேன். புஷ்பராணி நோட்டைத் திறந்து வரிசையாக ஏழு வாசித்தார். அதில் மூன்று என்னைப் பற்றியவை.