விசிலுக்கு அப்புறம்

தங்கபுஷ்பம் டீச்சரோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பது லேசான காரியம் இல்லை. குத்துக்கல்வலசைப் பக்கம் இருக்கும் எங்கள் தொடக்கப் பள்ளிக்குக் கடையத்திலிருந்து பஸ்ஸில் வருவார். இறங்கும்போதே ஒரு யோசனையோடுதான் இறங்குவார். அதில் பாதி நம் தலையில் விழும். அவர் நான்காம் வகுப்பு, நான் மூன்றாம் வகுப்பு. நடுவில் ஒரு தட்டிதான். அவர் கேட்கும் கேள்விக்கு என் பிள்ளைகளும் சேர்ந்து பதில் சொல்லும். எனக்கு எரிச்சலாக வரும்.

போன வருடம் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் எவனோ ஃபோனில் பேசியிருக்கிறான். "உங்க அத்தா ரூம்லதான் நானும் இருக்கேன்" என்றிருக்கிறான். பிள்ளை நம்பிவிட்டது. நம்பாமல் என்ன செய்யும்? இங்கே பாதிப் பிள்ளைகளுக்கு அப்பா வளைகுடாவில். இன்றைக்கு ஒரு நம்பரில் பேசுவார், நாளைக்கு ரூமில் உள்ள யாராவது ஒருவரின் நம்பரில். வெளிநாட்டு நம்பர் எது வந்தாலும் ஓடிப்போய் எடுத்து ஸலாம் சொல்லிப் பழகிய பிள்ளைகள். அந்த அயோக்கியன் போட்டோ கேட்டான். அனுப்பும் நேரத்தில் அவள் அம்மா பார்த்துவிட்டதால் தப்பித்தாள்.

இதற்கென்று வாரம் ஒரு பீரியட் ஒதுக்கலாம் என்றார் தலைமையாசிரியர் சிவசைலம் சார்.

"ஃபோனு வாரத்துக்கு ஒரு பீரியடா சார் பிள்ளைங்க கையில இருக்கு?" என்று கேட்டுவிட்டார் டீச்சர்.

அதிலிருந்து எல்லாப் பாடத்திலும் அதுதான். தமிழில் கடிதம் எழுதும் பாடம் வந்தால், நம் முகவரியை யாருக்கெல்லாம் கொடுக்கலாம் என்று பேச்சு போகும். பெருக்கல் கணக்கில், ஒரு போட்டோவை ஐந்து பேருக்கு அனுப்பி, அந்த ஐந்து பேரும் ஆளுக்கு ஐந்து பேருக்கு அனுப்பினால் எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று வரும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு நானே என் ஸ்டேட்டஸிலிருந்து இரண்டு படத்தை எடுத்தேன். சமூக அறிவியலில் அருவி வந்தது. குற்றாலத்தில் தண்ணீர் கூடினால் போலீஸ்காரர் விசில் அடிப்பார். அடித்ததும் வெளியே வந்துவிட வேண்டும். இது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாதது இல்லை.

"தெரியாத நம்பர் வந்தா அதுதான் விசில். கட் பண்ணு, பிளாக் பண்ணு" என்றார் டீச்சர். பிள்ளைகள் வாயில் விரல் வைத்து ஊதிப் பள்ளிக்கூடத்தையே இரண்டாக்கின.

அதில் நன்றாக ஊதுகிறவள் பர்சானா. அவள் அத்தா காஜா ஷார்ஜாவில் ஒரு கடையில் வேலை. வீடியோவில் அவருக்கும் ஊதிக் காட்டினாளாம்; மனுஷர் விழுந்து விழுந்து சிரித்தாராம். வந்து சொன்னாள்.

ஆடி மாதம் காஜா மாரடைப்பில் இறந்துபோனார். அங்கேயே அடக்கம் செய்தார்கள். பர்சானா சில நாள் வரவில்லை. வந்தபோது ஒழுங்காக எழுதினாள், படித்தாள். பிள்ளை தேறிவிட்டது என்றுதான் நினைத்தோம்.

பிறகு ஒருநாள் டீச்சர் மறுபடி விசில் பாடத்தை எடுத்தபோது அவள் மட்டும் விரலை வைக்கவில்லை. எழுந்து நின்று கேட்டாள்.

"டீச்சர், அத்தாவும் தெரியாத நம்பரா?"

தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்கு அது நன்றாகக் கேட்டது.

மெல்ல மெல்லத்தான் விஷயம் வெளியே வந்தது. காஜாவின் ரூமில் இருந்த யாசர், இறந்தவருடைய சாமான்களோடு லீவில் வந்திருந்தார். நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அவசரத்தில் காஜாவின் ஃபோன் ரூமிலேயே கிடந்துவிட்டது. மனைவி ஜாஹிரா பீவியின் நம்பர் ஒன்றுதான் அவருக்கு மனப்பாடம். யாசரின் ஃபோனை வாங்கிக் கூப்பிட்டிருக்கிறார். கட் ஆகியிருக்கிறது. மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்; போகவே இல்லை, பிளாக் ஆகியிருக்கிறது. அப்போது ஃபோன் பர்சானா கையில் இருந்தது. யாசர் இதை வீட்டில் சொன்னபோது அவள் கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள்.

"நீங்க டிபார்ட்மென்ட் சர்குலர்ல உள்ளதத்தான சொன்னீங்க. பேசாம இருங்க டீச்சர்" என்றார் சிவசைலம் சார். நானும் அதையேதான் சொன்னேன்.

"பேசாம இருந்தா அது அந்தப் பிள்ள தலையிலல்லா கெடக்கும்" என்றார் டீச்சர். அன்று சாயங்காலமே என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஜாஹிரா இத்தாவில் இருந்தாள்; புருஷன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் வெளியே வரக் கூடாது. உள்ளறையில் வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். பர்சானா சுவரோரம். டீச்சர் தரையில் உட்கார்ந்தார்.

"கட் பண்ணது பர்சானா இல்லம்மா. நான்தான். நான் சொல்லிக் குடுத்ததத்தான் அவ செஞ்சா."

ஜாஹிரா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நான் அடுப்படியிலதான் இருந்தேன் டீச்சர். பிள்ள கூப்பிட்டா கேக்கும்" என்றாள்.

"நான் செஞ்சது தப்பா டீச்சர்?" என்றாள் பர்சானா.

"இல்லட்டி. நான்தான் பாதி சொன்னேன், மீதிய சொல்லாம விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு டீச்சர் அழுதார். நானும் அழுதேன். பிள்ளை அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

யாசர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது, காஜா வேறு எதுவும் சொன்னாரா என்று டீச்சர் கேட்டார்.

"ஃபோனு போகலைன்னதும் பேசி அனுப்பினாவ டீச்சர். அது சேரல. திருப்பிக் கேக்க எனக்கு மனசு வரல." ஃபோனை நீட்டினார். குரல் பதிவுக்குக் கீழே ஒற்றை டிக் மட்டும் இருந்தது. பிளாக் செய்த இடத்துக்கு அனுப்பினால் போய்ச் சேராது. அனுப்பியவர் ஃபோனிலேயே கிடக்கும்.

ஜாஹிராவைக் கேட்டுக்கொண்டு, டீச்சர் அதை உள்ளே கொண்டுபோய்ப் போட்டார். மூச்சு வாங்கும் குரல்.

"பர்சானா... அத்தாதான் பேசுதேன். யாசர் மாமா ஃபோனு. கட் பண்ணுதியா? நல்ல புள்ள. விசில் அடிச்சிட்டியோ... சரி, சரி. அம்மாட்ட குடு தங்கம். அம்மாட்ட ஃபோனக் குடு."

பர்சானா அப்போதுதான் அழுதாள். ஜாஹிரா அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

மறுநாள் டீச்சர் வகுப்பில் கேட்டார். "விசில் அடிச்சாச்சு. அருவிய விட்டு வெளிய வந்தாச்சு. அப்புறம் என்ன செய்வீங்க? ஈரத்தோட நிப்பீங்களா?"

"துண்டு வச்சிக்கிட்டு அம்மா நிப்பாவ. அங்கன போவோம்" என்றான் அபி.

"அதத்தான் நான் சொல்லாம விட்டுட்டேன். தப்பு என்னோடது. இப்போ சொல்லுங்க, தெரியாத நம்பர் வந்தா என்ன செய்யணும்?"

 பர்சானாவின் குரல்தான் முதலில் கேட்டது.

"அம்மாட்ட ஃபோனக் குடுக்கணும் டீச்சர்."

"எல்லாரும் சொல்லுங்க" என்றார் டீச்சர். தட்டிக்கு இந்தப் பக்கம் என் மூன்றாம் வகுப்பும் சேர்ந்து சொன்னது. நான் அதட்டவில்லை. போர்டு பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.