காரை விற்று வாங்கிய லேப்டாப்

தொண்ணூறுகளின் நடுவில், காப்புறுதி ஏஜென்டாக இருந்த என் கணவர் எங்கள் காரை விற்று லேப்டாப் வாங்கினார். கடையில் இருந்ததிலேயே விலை உயர்ந்தது அதுதான். "இதைத் திறந்து வச்சாலே கஸ்டமர் மதிப்பான் லா," என்றார்.

ஒருநாள் பந்திங் ஊரில் இருந்த ஓர் ஆசிரியை வீட்டுக்குப் பாலிசி விற்க என்னையும் கூட்டிக்கொண்டு கிள்ளானிலிருந்து பஸ்ஸில் போனார். அந்தப் பெட்டி உயிர்பெறவே பத்து நிமிடம் ஆனது. தவணை விவரத்தைக் காட்டத் தொடங்கியதும் பேட்டரி தீர்ந்து திரை இருண்டது. சார்ஜர் வீட்டில் இருந்தது.

"அண்ணே, சும்மா ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டுங்களேன்," என்றார் ஆசிரியை.

கட்டண விவரம் எதுவும் என் கணவருக்கு மனப்பாடமாக இல்லை. அந்தப் பெட்டியை நம்பாத நான் பழைய கட்டணப் புத்தகத்தைக் கைப்பையில் வைத்திருந்தேன். அதைப் பிரித்து நானே விளக்கினேன். ஆசிரியை பாலிசிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் கணவர் சொன்னார்: "மெஷின் மேல தப்பு இல்ல. சார்ஜ் பண்ணாதது என் தப்பு."

"தப்பு கடைக்குள்ள கால் வச்சப்பவே நடந்துடுச்சு," என்றேன்.

அடுத்த வாரம் ஏஜென்ட் பரீட்சைக்கு என் பெயரைப் பதிந்தேன். அவரிடம் கேட்கவில்லை.