அப்பா ரோசாக்

மகன் வீட்டு அலமாரிக்கு இன்று தச்சர் மரம் இழைத்தார். சீவலின் வாசனை என்னை மலாய் நாட்டில் நாங்கள் இருந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸுக்குக் கொண்டுபோய்விட்டது.

அப்போது அப்பா மலேரியாவில் கிடந்தார். சூசையப்பர் திருநாளுக்கு ஏழைகள் மூவரைத் திருக்குடும்பமாக உட்காரவைத்துச் சோறு போடுவதாக அம்மா நேர்ந்திருந்தாள். மாதாவுக்கும் பாலகனுக்கும் ஆள் வந்தாயிற்று. சூசையப்பராக வரவேண்டிய கிழவரைக் காணோம். சோறு ஆறியது. அம்மா வாசலுக்குப் போய், தெருவோடு போன சீனக் கிழவர் ஒருவரைக் கூட்டிவந்தாள். அவர் கையில் உளிப்பெட்டி இருந்தது.

"சூசையப்பரும் தச்சர்தானே. உக்காருங்கய்யா."

அவர் காலை அம்மா கழுவியபோது கூச்சத்தில் நெளிந்தார். ஆனாலும் ரசம்வரை சாப்பிட்டார். எழுந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு கேட்டார்: "அப்பா ரோசாக்?"

கப்பலிலிருந்து இறங்கிச் சில மாதமே ஆன அம்மாவுக்கு மலாய் தெரியாது. அப்பாவை விசாரிக்கிறார் என்று கண்கலங்கி அறையைக் காட்டினாள். அங்கே குளிர்க்காய்ச்சலில் அப்பாவோடு சேர்ந்து கட்டிலும் கடகடவென ஆடிக்கொண்டிருந்தது. கிழவர் குனிந்து பார்த்தார். ஆப்பு ஒன்று செதுக்கிக் கட்டில்காலில் இறுக்கிவிட்டுப் போனார்.

அன்றுதான் அப்பா அசையாமல் தூங்கினார். காய்ச்சல் விட்டபின் அம்மா நடந்ததைச் சொல்ல, சிரித்தார்.

"என்ன ஒடைஞ்சிருக்குன்னுதான் புள்ள அவரு கேட்டாரு. சாப்பிட்ட சோத்துக்கு வேல செய்யணும்ல."

அம்மா கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

"அப்பாவத்தான் கேட்டாரு. அப்பாவத்தான் சரிபண்ணிட்டுப் போனாரு."

தச்சர் இழைப்புளியைக் கீழே வைத்தார். நான் மருமகளிடம் இலை போடச் சொன்னேன்.