பால்பவுடர் டின்னில் ஒரு கிரீடம்

கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, ரயில் பாதையைத் தாண்டிப் போகும் வண்டித்தடத்தில், மாதா கோயிலைச் சுற்றி மூன்று தெருக்கள் கொண்ட ஊர் ஒன்று இருந்தது. மேலத்தெருவில் நிலக்காரர்கள், கடைத்தெருவில் வியாபாரிகள், கீழத்தெருவில் அந்த நிலங்களில் கூலிக்கு இறங்கியவர்கள். செப்டம்பர் திருவிழாவில் மாதாவின் தேரைக் கீழத்தெரு ஆண்கள்தான் இழுத்தார்கள். வடம் பிடிக்க அவர்களுக்கு உரிமை இருந்தது. ஆனால் தேர் அவர்கள் தெருவுக்குள் போனதில்லை.

அதற்கு ஒரு காரணம் சொல்லி வைத்திருந்தார்கள். தேர் எந்தத் தெருவில் நிற்கிறதோ அந்தத் தெரு மாதாவுக்கு ஒரு நகை சாத்த வேண்டும். மேலத்தெரு தங்கச் சங்கிலி சாத்தும். கடைத்தெரு வெள்ளிக் கிரீடம் சாத்தும். தேர் தெருவைத் தாண்டியதும் நகையைக் கழற்றிச் சொந்தக்காரர்களிடம் கொடுத்துவிடுவார்கள். கீழத்தெருவில் நகை ஏது? அதனால் தேர் அந்தத் தெரு முனையில் நிற்காமல் திரும்பிவிடும். முனையில் கூட்டமாக நிற்கும் பெண்களும் பிள்ளைகளும் மாதாவின் முதுகைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

ஆரோக்கியமேரியின் புருஷன் சாலமோன் வடத்தின் முன்வரிசையில் இழுத்தவன். ஒவ்வொரு வருஷமும் திருவிழா முடிந்ததும், மேலத்தெருக்காரர்களிடம், அடுத்த தடவையாவது எங்கள் தெருவுக்குள் தேரை விடுங்கள் என்று கேட்டுவிட்டு வருவான். ஐம்பத்தாறாம் வருஷத் தவக்காலத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டான். அவனை அடக்கம் செய்துவிட்டு வந்த வாரத்திலேயே அவள் பழையபடி வேலைக்குப் போனாள். அழுததை யாரும் அதிகம் பார்க்கவில்லை. திருவிழாவைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் வாயை இறுக மூடிக்கொள்வாள்.

கோயில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காலையில் பால் காய்ச்சி ஊற்றுவது அவள் வேலை. அமெரிக்காவிலிருந்து பால்பவுடரும் எண்ணெயும் டின் டின்னாகச் சாமியாருக்கு வரும். கூடவே சீஸும் வரும். முதல் தடவை அதை வாங்கிப்போன கீழத்தெருக்காரர் ஒருவர் சோப்பு என்று நினைத்து முதுகில் தேய்த்துக் குளித்த கதையைச் சொல்லிச் சொல்லி ஊரே சிரித்தது. காலி டின்களை ஆரோக்கியமேரி வீட்டுக்கு எடுத்துப்போவாள். மற்றவர்கள் அவற்றை அரிசி அளக்கவும் கூரை ஓட்டையை அடைக்கவும் வைத்துக்கொண்டார்கள். அவள் கண்ணுக்கோ உள்பக்கத்துப் பொன்னிறப் பூச்சுதான் பட்டது. கத்தரித்து, விளிம்பை மடித்து, ஆணியால் புள்ளி குத்தினால் ஒரு தோடு ஆகிவிடும். தெருவில் காது குத்திய பெண் பிள்ளைகள் வேப்பங்குச்சியை எடுத்துவிட்டு அவள் செய்த தோட்டைத்தான் போட்டுக்கொண்டார்கள். விளிம்பை மடிக்காமல் அவள் எதையும் கொடுத்ததில்லை. தகரம் காதைக் கிழித்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த வருஷம் ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில், பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்தபோது, அவள் நேராகப் பெரியநாயகத்தின் முன்னால் போய் நின்றாள். மேலத்தெருக்காரர், திருவிழாவை நடத்துகிறவர். இந்த வருஷம் தேர் எங்கள் தெருவுக்குள் வர வேண்டும் என்றாள். அவர் வழக்கமான பதிலைச் சொன்னார்.

"நகை சாத்தாத தெருவுல மாதா இன்னாத்துக்கு நிப்பா, மேரி?"

"நகைதானே நைனா? நாங்க போடறோம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியநாயகமும் சிரித்தார். "இன்னாத்துல? டின்னுலயா?"

"டின்னுலதான். தங்கம்தான் போடணும்னு கட்டளையில இருக்குதா?"

அப்படி ஒன்றும் இல்லை என்பது அவருக்கும் தெரியும், நின்றவர்களுக்கும் தெரியும். பார்க்கிறவன் நகை என்று சொல்ல வேண்டும், மாதா தலையிலிருந்து வழியில் உதிரக் கூடாது, அப்படி இருந்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு நடந்தார். அவள் செய்ய மாட்டாள் என்ற நம்பிக்கையில்தான் அதைச் சொன்னார். அவள் அதை வாக்கு என்றே எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்கே தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். டின், டீ பொட்டலத்து ஈயத்தாள், சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாள், மிட்டாய் சுற்றி வரும் சிவப்புக் கண்ணாடித்தாள், எதையும் யாரும் எறியக் கூடாது. ஸ்டேஷன் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருந்த ஹனீப் பாய், பழவேற்காட்டிலிருந்து வந்து குடியேறியவர். கடைக் குப்பையை அவளுக்கென்று ஒரு கூடையில் சேர்த்து வைத்தார். "எங்க ஊட்டுல கண்ணாலத்துக்கு நகை கேக்கறாங்க, நீ ஒரு செட்டு பண்ணிக் குடுத்துடு, பேஜாரு தீந்துடும்" என்று கிண்டல் செய்தார். மாதாவுக்கு முடித்துவிட்டு உங்கள் வீட்டுக்குச் செய்கிறேன் என்றாள் அவள், சிரிக்காமல்.

மாதாவின் தலையை அளக்கப் பெண்கள் பீடத்தில் ஏற முடியாது. கோயில் உபதேசியாரைக் கெஞ்சி, ஒரு தென்னோலைக் கீற்றை மாதாவின் தலையைச் சுற்றி வளைத்து முடிச்சுப் போடச் சொல்லி வாங்கிக்கொண்டாள். அந்த வளையத்தை வைத்துத்தான் எல்லாம். டின்னைப் பிரித்து, தட்டி நிமிர்த்தி, பொன்னிறம் வெளியே தெரிய வளைத்தாள். மேலே இலை இலையாக வெட்டினாள். முதல் கிரீடம் வளைக்கும்போது பூச்சு வெடித்துவிட்டது. இரண்டாவதில் இலைகள் ஒன்றுக்கொன்று கோணலாக நின்றன. மூன்றாவதுதான் சரியாக வந்தது. கல் பதிக்க வேண்டிய இடங்களில் துளையிட்டு, பின்னால் கசக்கி நீவிய வெள்ளித்தாளை வைத்து, அதன் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள், அதற்கும் மேல் கூடூர் சுரங்கத்திலிருந்து யாரோ கொண்டுவந்த காக்காப்பொன்னின் கண்ணாடி போன்ற மெல்லிய சீவல். தகரத்தின் நாக்குகளை மடித்து அழுத்தினால் மூன்றும் அசையாமல் நின்றன. வெயிலில் தூக்கிப் பிடித்தால் உள்ளே நெருப்பு வைத்தது போல இருந்தது. விரல்களெல்லாம் வெட்டு. மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் உட்கார்ந்தாள்.

தேர் நாளுக்கு முந்தின நாள் காலையில், கிரீடத்தைத் துணியில் சுற்றிப் பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணிடம் கொடுத்துவிட்டுப் பால் காய்ச்சப் போனாள். பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள் என்பதுதான் அவள் சொன்னது.

சின்னப்பொண்ணு திருவிழாவுக்குத் திருவிழா கோயிலின் பித்தளை விளக்குகளைத் தேய்க்கிறவள். தேய்க்காத எதையும் மாதாவின் முன்னால் வைக்கக் கூடாது என்று அவள் அம்மா காலத்திலிருந்து பழக்கம். ஆரோக்கியமேரி திரும்பி வந்தபோது அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஊறவைத்த புளி, செங்கல் பொடி. மடியில் கிரீடம். ஒரு பாதி பொன்னாகவும் மறுபாதி சொறி பிடித்த மாதிரி வெள்ளையாகவும் இருந்தது. சிவப்புத்தாளின் சாயம் கரைந்து வழிந்திருந்தது.

"பளபளன்னு ஆவும்னுதாங்க்கா தேச்சேன்" என்றாள் சின்னப்பொண்ணு.

ஆரோக்கியமேரி கிரீடத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வைதாள். சின்னப்பொண்ணின் கைகளை வைதாள், புளியை வைதாள், அதை விற்ற கடையைக் கூட வைதாள். பொன்னிறப் பூச்சு கெடாத டின் இன்னொன்று ஊரில் இல்லை. இருந்தாலும் இன்னொரு கிரீடம் வளைக்கப் பொழுது இல்லை. தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருத்தி மெல்லச் சொன்னாள்.

அடுத்த வருஷம் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் வைவதை நிறுத்தினாள். சாலமோனுக்கும் ஒவ்வொரு தடவையும் அதைத்தான் சொல்லி அனுப்பினார்கள். தேய்த்திருந்த பக்கத்தை மறுபடி பார்த்தாள். புளி பட்ட இடத்தில் வெள்ளையாக, நன்றாகவே மின்னியது. கெட்டுப்போனது தகரம் அல்ல, நிறம் இரண்டாக இருப்பதுதான்.

"அந்தப் புளிய எடு" என்றாள்.

"யக்கா?"

"மிச்சத்தயும் தேய். ஒரு சொட்டு மஞ்ச இருக்கக் கூடாது. நான் கல்ல பிரிக்கறேன்."

கல் பிரித்த பிறகு இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து தேய்த்தார்கள். மதியம் தாண்டியபோது கிரீடம் முழுக்க வெள்ளி நிறத்துக்கு வந்துவிட்டது. சிவப்புத்தாள் கைவசம் இல்லை. கோயிலுக்கு மெழுகுவர்த்தி வந்த பொட்டலங்களின் நீலக் காகிதம் உபதேசியார் வீட்டில் கிடந்தது. அதை எண்ணெய் தடவி மெல்லிசாக்கி வெள்ளித்தாளின் மேல் வைத்து மூடினாள். கடைசியில் துரு ஏறாமல் இருக்கத் தேங்காயெண்ணெய் தொட்டு ஒரு துடை துடைத்தாள். அது மாதாவின் நிறம் என்று யாரோ சொன்னார்கள். அவள் தலையாட்டினாளே தவிர, வேறு நிறம் கிடைத்திருந்தாலும் வைத்திருப்பாள்.

மறுநாள் சாயங்காலம் மேலத்தெருவையும் கடைத்தெருவையும் முடித்துக்கொண்டு தேர் கீழத்தெரு முனைக்கு வந்தது. ஆரோக்கியமேரி கிரீடத்தை இரண்டு கைகளிலும் ஏந்தி நடுவழியில் நின்றாள். பெரியநாயகம் முன்னால் வந்து பார்த்தார். எதிர்பார்த்ததை அவர் அங்கே காணவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"வெள்ளியா?" என்று கேட்டார்.

"டின்னுதான் நைனா."

கூட்டத்தில் கடைத்தெருக்காரர் ஒருவர், எங்கள் கிரீடத்தைவிட இது எடுப்பாக இருக்கிறதே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். பார்க்கிறவன் நகை என்று சொல்லியாயிற்று. உபதேசியார் தேரில் ஏறி மாதாவின் தலையில் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் தேரை ஒரு தடவை உலுக்கிக்கூடப் பார்த்தார்.

பெரியநாயகம், சாத்தியாயிற்று, இங்கேயே ஜெபம் சொல்லித் திருப்புங்கள் என்றார்.

"முனையில யாரு ஊடும் இல்ல நைனா" என்றாள் அவள். "எங்க ஊடெல்லாம் உள்ள இருக்குது."

தெரு குறுகல், தேரின் சக்கரம் போகாது என்றார் அவர். அது உண்மைதான். இடது பக்கத்தில் அவளுடைய வேலியே தடத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் போய் முதல் முளையைப் பிடித்து ஆட்டிப் பிடுங்கினாள். சின்னப்பொண்ணு ஓடிவந்து அடுத்ததைப் பிடுங்கினாள். பிறகு ஆளுக்கொரு கையாக ஓலைப் படலைச் சுருட்டி எடுத்தார்கள். எதிர் வீட்டுக்காரனும் யாரும் கேட்காமலே தன் வேலியைப் பிரித்தான். வடம் பிடித்தவர்கள் பெரியநாயகத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துத் திரும்பி நின்று, வடத்தைத் தோளுக்கு ஏற்றினார்கள்.

மாதா கீழத்தெருவுக்குள் வந்தாள். ஒவ்வொரு வாசலிலும் நின்றாள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கிரீடத்தின் நீலம் ஏறி ஏறி இறங்கியது. பெண்கள் சிலர் அழுதார்கள். ஆரோக்கியமேரி தேருக்கு முன்னால் பின்நடையாக நடந்தபடி, கிரீடம் சாய்கிறதா என்பதையே பார்த்துக்கொண்டு போனாள்.

தெரு முடிந்ததும் உபதேசியார் கிரீடத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். பெரியநாயகம், ஆசை தீர்ந்ததல்லவா, இதோடு சரி என்றார். அவள் தேரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உபதேசியாரைக் கூப்பிட்டாள்.

"மாதா கையில இருக்கற குழந்த வெறுந்தலையா இருக்குது பாருங்க. அதுக்கும் ஒண்ணு பண்ணணும். எறங்கறதுக்கு முன்ன அளவு எடுத்துக் குடுங்க."

உபதேசியார் ஒரு நிமிஷம் பெரியநாயகத்தைப் பார்த்தார். அப்புறம் தேர் மாலையிலிருந்து ஒரு நாரை உருவி, குழந்தையின் தலையைச் சுற்றி முடிச்சுப் போட்டார்.